முல்லர் என்னும் பெயரைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

திருமணப் பதிவுக்கு முன் குடும்பப் பெயரை முடிவு செய்ய வேண்டும் என்றும், மாப்பிள்ளையின் "முல்லர்" என்ற பெயர் ஜெர்மனியில் தெருவுக்குத் தெரு இருப்பதால் அதை ஏற்கத் தயங்குவதாகவும் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து, நான் அந்தப் பெயரைப் பற்றியே தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்த பிறகு எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

முல்லர் என்றால் மாவு அரைக்கும் ஆலைக்காரர். ஆலையைக் குறித்த "மோலினா" என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, இடைக்கால ஜெர்மனில் "முல்னர்" என்று வழங்கி, னகரம் லகரத்தோடு கலந்து இன்றைய வடிவம் பெற்றது. வடக்கே மோலர், தெற்கே பவேரியா, ஸ்வாபியா பக்கம் மில்லர், லத்தீன் கற்றவர்கள் மாற்றி வைத்துக்கொண்ட மோலிட்டோர் எல்லாம் இதன் உடன்பிறப்புகளே.

பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் ரைன் நதிக்கரை நகரங்களிலும் தெற்கிலும் மக்கள் பெருகி, ஓர் ஊரில் பத்து யோஹான்கள் இருந்தபோது, எந்த யோஹான் என்று பிரித்துச் சொல்லத் தொழிலைச் சேர்த்தார்கள். சேர்த்தது மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. ஓடைக்கரையில், பெரும்பாலும் ஊருக்குச் சற்று வெளியே, நீர்ச்சக்கரத்தோடு வாழ்ந்த ஆலைக்காரரை அடையாளம் சொல்வது எல்லாருக்கும் எளிதாக இருந்திருக்கும். ஆனால் அந்த வாழ்க்கை எளிதாக இல்லை. பல பகுதிகளில் குடியானவர்கள் தங்கள் தானியத்தை நிலப்பிரபுவின் ஆலைக்கே கொண்டுபோக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அரைப்பவர் கூலியாக மாவிலோ தானியத்திலோ ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். கண்ணுக்கு முன்னால் அளந்து எடுத்தாலும் சந்தேகம் தீராது அல்லவா? அதனால் அவரைத் திருடராகவே பேசினார்கள்; அவர் பிள்ளைகளைக் கைவினைஞர் சங்கங்களில் சேர்க்க மறுத்தார்கள். 1548ஆம் ஆண்டின் பேரரசுச் சட்டம், நெசவாளர், ஆட்டிடையர் முதலியவர்களோடு ஆலைக்காரரின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளையிட நேர்ந்தது. ஊருக்கே சோறு போட்ட தொழிலுக்கு இந்த நிலை என்பதைப் படித்தபோது மனம் கனத்தது.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இன்று இதுவே முதலிடத்தில் இருக்கும் குடும்பப் பெயர். ஆஸ்திரியாவில் மட்டும் குரூபர் முந்திக்கொண்டது. இருந்தாலும் கொல்லரைக் குறிக்கும் ஷ்மிட், ஷ்மித், ஷ்மிட்ஸ் முதலிய எழுத்து வேறுபாடுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டினால் அந்தப் பெயரே முல்லரை மிஞ்சிவிடும். கொல்லரின் பெயர் பலவாறு எழுதப்பட்டுச் சிதறியது. முல்லர் பெரும்பாலும் ஒரே எழுத்தில் நிலைத்தது.

ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரை உனக்குத் தெரியும். அவர் 1823இல் டெஸ்ஸாவில் பிறந்தார். அவருடைய தந்தை கவிஞர், தாத்தாவோ தையல்காரர். மாவரைத்த மூதாதை யாரென்று அந்த வீட்டில் யாருக்காவது நினைவிருந்ததோ என்னவோ, பெயர் மட்டும் விடாமல் கூட வந்தது.

நம் வழக்கில் முன்னெழுத்தாக நிற்க வேண்டிய உன் அப்பாவின் பெயர், அங்கே உன் காகிதங்களில் குடும்பப் பெயராகிவிட்டது. அதை விட்டுவிட வேண்டுமே என்பதும் உன் தயக்கத்துக்கு ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். 2025 மே 1 முதல் கணவன் மனைவி இருவருமே இரண்டு பெயர்களையும் சேர்த்து வைத்துக்கொள்ள அங்குள்ள சட்டம் இடம் தருகிறது. பதிவு அலுவலகத்தில் கேட்டுப் பார். முடிவு உங்கள் இருவருடையது. பலருக்கும் இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் அதைத் தள்ளிவிடாதே.

மாப்பிள்ளையின் பாட்டியைப் பார்க்கப் போகும்போது, அவர்களுடைய முன்னோர் எந்த ஊர், அங்கே பழைய ஆலை ஏதும் இருந்ததா என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா