நாகூர் கந்தூரி மழைக்காலத்தில் வருவதால் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் வசதி செய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒரே வேனில் வரும் பதினொரு பேர் சார்பாக,
அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்.
(பெயர்களும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகப்பட்டினம்.

பொருள்: நாகூர் தர்காவின் ஆண்டுவிழாவான கந்தூரிக்கு வரும் முதியோர், கைக்குழந்தையுடன் வரும் தாய்மார், சிறுவர்கள் ஆகியோருக்கான ஏற்பாடுகளை முன்கூட்டியே அறிவிக்கவும், மழைக்கு ஏற்ற வசதிகள் செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நாகூருக்கு வந்துபோகிற குடும்பம். இந்த ஆண்டு சந்தனக்கூட்டுக்கு (சந்தனம் ஏந்திய கூடு ஊர்வலமாக வரும் நாளுக்கு) வரும் பதினொரு பேரில் என் தாயாருக்கு வயது 78, இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. மாமாவுக்கு 81, சர்க்கரை நோயாளி. மூன்று பிள்ளைகள்: ஒன்பது, ஆறு, மூன்று வயது. மூன்று வயதுப் பேரனுக்குத்தான் நேர்ச்சை. அவன் பிறந்த நாள் முதல் எடுக்காத முடியைத் தர்காவில் எடுக்க வேண்டும். அதுவும் கூடு வருகிற நாளில் என்பது என் தாயார் வைத்த நேர்ச்சை.

"நாகூர் ஆண்டவர் வருடம் முழுக்க அங்கேதான் இருக்கிறார், பங்குனியில் போனால் என்ன?" என்று என் மனைவி கேட்காமல் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் நேர்ச்சையை மாற்றச் சொல்லி என் தாயாரிடம் பேசுவதைவிடத் தங்களிடம் மனு கொடுப்பது எளிது என்று பட்டது.

கந்தூரி ஜமாதுல் ஆகிர் என்னும் இஸ்லாமிய மாதத்தில் 14 நாள் நடப்பது தாங்கள் அறிந்ததே. முதல் பிறையில் கொடியேற்றம். பத்தாம் இரவில் நாகை அபிராமி அம்மன் திருவாசலிலிருந்து கூடு புறப்பட்டு நாகூர் வந்து, ரவ்லாவில் (ஆண்டவர் அடங்கியிருக்கும் இடத்தில்) சந்தனம் பூசும்போது வைகறையாகிவிடும். பிறைக்கணக்கில் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்தான் என்பதால், விழா ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2012இல் வந்தபோது ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். அப்போது எங்களுக்கு வேண்டியிருந்தது பந்தலும் மோரும். அன்று என் தாயார் அலங்கார வாசல்வரை தாமே நடந்து வந்தார், கையில் பூப்போர்வையும் சர்க்கரையும் பிடித்துக்கொண்டு.

இப்போது நிலைமை வேறு. கணக்குப்படி 2026இல் கொடியேற்றம் நவம்பர் நடுவில். 2027இல் அக்டோபர் இறுதியை ஒட்டி. 2028இல் அக்டோபர் மூன்றாம் வாரத்தில். பிறை பார்ப்பதில் ஒருநாள் முன்பின் ஆகலாம். எப்படிப் பார்த்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு விழா வடகிழக்குப் பருவமழைக்குள்தான். நாகை மாவட்டத்துக்கு நவம்பர் மழை எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கஜா புயல் கரையைக் கடந்ததும் 2018 நவம்பர் 16இல்தான்.

2024 டிசம்பரில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. நெரிசலில் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்துவது சரியான முறை. அதை முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்ளாதது எங்கள் தவறு. வேன் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்றே தெரியாமல் இறங்கினோம். தூறலாக இருந்தது பத்து நிமிடத்தில் கொட்டும் மழையாயிற்று. தெருவில் கணுக்கால் தண்ணீர். என் தாயாருக்கு ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. ஒரு டீக்கடைக்காரர் தம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்தார். கடைப்பையனும் என் தம்பி மகனும் அதில் அவரை உட்காரவைத்து இரு பக்கமும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தலை நனைந்ததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை; போர்வை இருந்த துணிப்பையை மட்டும் இரு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். அந்த அவசரத்தில் நடுப்பிள்ளையின் கையை யாரோ விட்டுவிட்டோம். இருபது நிமிடம். ஒரு வளையல் கடை அம்மாள் தம் முக்காலியில் அவனை உட்காரவைத்து, கையில் ஒரு பொரி உருண்டையையும் கொடுத்து, வருகிற போகிறவர்களிடம் எல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். தன் அத்தாவின் பெயர் "அத்தா" என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான்.

எங்கள் முதல் வேண்டுகோளுக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு தாள். வெளியூர் வண்டிகள் எங்கே நிற்கும், அங்கிருந்து தர்கா எத்தனை நிமிட நடை, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் தெருக்கள் எவை, கழிப்பறை, மருத்துவ முகாம், பிள்ளை காணாமற்போனால் போகவேண்டிய இடம் எங்கே என்பவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னரே வெளியிட வேண்டும். பக்கத்து மாவட்டப் பள்ளிவாசல் ஜமாஅத்துகளுக்கு அனுப்பினால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் வாசித்துவிடுவார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வரும் அறிவிப்பு இளைஞர்களுக்குப் போதும். கிழவரையும் குழந்தையையும் கூட்டிவருபவர்களுக்குப் போதாது. மருந்து, மாற்றுடை, சக்கர நாற்காலி வாடகை எல்லாம் அதற்குள் முடிகிற காரியமில்லை.

வேளாங்கண்ணிப் பெருவிழாவை ஆண்டுதோறும் நடத்திக்கொடுக்கும் மாவட்டம் இது. கூட்டத்தைக் கையாளத் தங்கள் அலுவலர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த விழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை என்று நிலையாக நிற்கிறது. கந்தூரி நகர்கிறது. ஆகவே பழைய கோப்பில் உள்ள திட்டத்தை அப்படியே எடுக்காமல், இந்த மூன்று ஆண்டுகளுக்கு மழையை நினைத்தே திட்டமிடுமாறு வேண்டுகிறோம்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அலங்கார வாசல்வரை 70 வயது கடந்தோருக்கும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மாருக்கும் பேட்டரி வண்டி ஓட வேண்டும். கூடு வரும் இரவில் அது நடவாது என்று எங்களுக்கே தெரியும். மாலை நான்கு மணிவரை ஓடினால் போதும், நாங்கள் முன்னதாக வந்து அமர்ந்துகொள்வோம். ரயிலில் வருபவர்களுக்கு நிலையம் பக்கம் என்பதால் இந்தச் சிரமம் குறைவு.

அமர்வதற்கு இடம் வேண்டும் என்பதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. பந்தல் என்றால் தரையில் ஜமுக்காளம் விரிப்பது வழக்கம். மழையில் அது நனைந்துவிடும். நனையாவிட்டாலும் முழங்கால் தேய்ந்தவர் தரையில் உட்கார்ந்தால் எழுப்ப இருவர் வேண்டும். பலகை போட்டு உயர்த்திய தளமும், நாற்காலிகளும், பாலூட்ட ஒரு மறைப்பும், பக்கத்திலேயே கைப்பிடி உள்ள மேற்கத்தியக் கழிப்பறை நான்கைந்தும் இருந்தால் இரவு முழுவதும் தங்கிவிடலாம். கூடு வருவதையும் சந்தனம் பூசும் வைபவத்தையும் அங்கே ஒரு திரையில் காட்டினால், நெரிசலுக்குள் போக வேண்டும் என்று என் மாமா பிடிவாதம் பிடிக்கமாட்டார். பிடித்தாலும் நாங்கள் மறுத்துச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

சிறுவர்களின் மணிக்கட்டில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதிக் கட்டும் நனையாத பட்டையை, வண்டி நிறுத்துமிடத்திலும் ரயில் நிலையத்திலும் தன்னார்வலர்கள் வழியாகக் கொடுக்க வேண்டுகிறோம். வளையல் கடை அம்மாளைப் போல் எல்லாருக்கும் ஒருவர் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று தங்கள் அதிகாரத்துக்குள் வராது, தர்கா நிர்வாகத்தார் மனம் வைக்க வேண்டியது. கொடியேற்றத்துக்கும் கூட்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் காலை ஒரு மணி நேரம் முதியோர் மட்டும் ஜியாரத் (அடக்கத்தலத் தரிசனம்) செய்து ஃபாத்திஹா ஓதிப் பிரார்த்திக்க ஒதுக்கினால், பலர் கூடு நாள்வரை காத்திருக்காமல் திரும்பிவிடுவார்கள். விழா ஆலோசனைக் கூட்டத்தில் தாங்கள் இதை எடுத்துச் சொன்னால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இந்த மனுவின் மேல் எடுக்கும் முடிவை, எதுவானாலும், இணைப்பில் உள்ள முகவரிக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். பேட்டரி வண்டி இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். வேனுக்கு முன்பணம் கொடுக்கும்போதே சக்கர நாற்காலிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பயணிகள் பதினொருவரின் பெயர், வயது, முகவரி அடங்கிய தாள் ஒன்று. என் தாயார் கைந்நாட்டு வைக்க மறுத்து, மூக்குக் கண்ணாடி தேடி எடுத்து, அதில் தம் பெயரைத் தாமே எழுதியிருக்கிறார்.