எலிச் செலவு மட்டும் பாம்புச் செலவு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் செல்லப் பிராணிகளின் செலவுக் கணக்கு என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். நாய்க்கு மாதம் ஐயாயிரம், பூனைக்கு இரண்டாயிரம், பாம்புக்கு முந்நூறே முந்நூறு, ஆகவே கையைக் கடிக்காத பிராணி பாம்புதான் என்று சிலேடையோடு முடித்திருந்தார் உங்கள் நிருபர். சிலேடை நன்றாக இருந்தது, கணக்குதான் உதைக்கிறது. நான் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அதோடு என் வீட்டிலேயே ஒரு பாம்பு இருக்கிறது. அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

பாம்பு என்னுடையது அல்ல, என் மகனுடையது. 2023 பிப்ரவரியில் அவனோடு வேலை பார்த்த பையன் ஜெர்மனிக்குப் போகும்போது, எடுத்துப் போக முடியாது என்று இவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். பால் பைத்தான் என்று மகன் சொன்னதும் என் அம்மா, பால் குடிக்கிற பாம்பா, அப்படியானால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். ஆடி வெள்ளிக்குப் புற்றுக்குப் பால் ஊற்றியே பழகியவர். அது பாலும் இல்லை, மோரும் இல்லை, பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் அந்தப் பேர், சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா, எந்தப் பாம்பும் பால் குடித்து வாழ்வதில்லை என்று விளக்கி முடிப்பதற்குள் அவர் அதற்கு சுப்பிரமணி என்று பேரும் வைத்துவிட்டார். இன்றைக்கும் அதுதான் பேர்.

உங்கள் நிருபர் சொன்ன முந்நூறு ரூபாய் வெறும் எலிச் செலவு. அது சரியான தொகைதான், மறுக்கவில்லை. சுப்பிரமணிக்கு நான்கடி நீளம், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு வாரத்துக்கு ஒரு எலி போதும். நம்மைப் போல உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய வேலை பாம்புக்கு இல்லை, அதனால் அந்தத் தீனி அதற்குத் தாராளம். மூன்று வருடத்தில் 62 எலி, எங்களுக்குக் கிடைக்கும் விலை ஒன்று 150 ரூபாய், ஆக 9,300. மாதத்துக்கு வகுத்தால் 258 வருகிறது. முந்நூறு என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சூட்டைத் தானே உண்டாக்காத உடம்புக்கு யார் சூடு கொடுப்பது? அங்கேதான் செலவு ஆரம்பிக்கிறது. கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி இருக்க வேண்டும், மறு பக்கம் 26 போல இருக்க வேண்டும், பாம்பு தனக்கு எது வேண்டுமோ அங்கே நகர்ந்துகொள்ளும். ஈரப்பதம் அறுபது சதவீதமாவது வேண்டும், இல்லாவிட்டால் தோலைச் சட்டையாக முழுசாக உரிக்காமல் துண்டு துண்டாக உரித்துப் போடும். பெங்களூரில் டிசம்பர் இரவு 15 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். நமக்கு ஸ்வெட்டர், அதற்கு வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர், அது அளவு மீறிச் சுட்டுவிடாமல் இருக்க தெர்மோஸ்டாட்.

நான்குக்கு இரண்டடி கூண்டு, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்து, தெரிந்த தச்சரிடம் செய்தது 14,000. ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் 6,500. சூட்டையும் ஈரத்தையும் காட்டும் மீட்டர்கள் 1,200. ஒளிந்துகொள்ளப் பொந்துகள், அது முழுசாக இறங்கிப் படுக்கிற அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் 1,800. கரன்ட் போனால் ஹீட்டர் நிற்காமல் இருக்க ஒரு சின்ன இன்வெர்ட்டர் 6,000. இன்வெர்ட்டர் முதலில் வாங்கவில்லை. வந்த பிறகு முதல் குளிர்காலத்தில், ஜனவரி ராத்திரி இரண்டு மணிக்குக் கரன்ட் போய், மகன் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கூண்டுக்குள் வைக்க, நான் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க, விடிய விடிய மூன்று தடவை தண்ணீர் காய்ச்சி மாற்றினோம். மறுநாளே வாங்கிவிட்டான். கீழே பரப்புகிற தேங்காய் மட்டைத் துகள் மட்டும்தான் நமக்கு மலிவு, வருடம் 900 ரூபாய்தான் ஆகிறது. பொள்ளாச்சியிலிருந்து கப்பலேறிப் போகிற அதே சரக்கை வெளிநாட்டுக்காரன் என்ன விலைக்கு வாங்குகிறானோ.

அப்புறம் ஃபிரிட்ஜ். எந்தப் பத்திரிகையும் எழுதாத செலவு இது. உயிரோடு எலியை உள்ளே விட்டால் அது பயத்தில் திருப்பிக் கடித்துப் பாம்பையே புண்ணாக்கிவிடும், அதனால் உறைய வைத்த எலியை வாங்கி வைத்து, தேவையான அன்று எடுத்து, வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பதுதான் பத்திரம். வாங்கி வைப்பது என்றால் எங்கே? முதல் பொட்டலம் வந்த அன்று எங்கள் ஃபிரிட்ஜ் மேல்தட்டில் வைத்தான். மறுநாள் காலை என் மனைவி இட்லி மாவுப் பாத்திரத்தையும் பால் பாக்கெட்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒன்று அது இருக்கட்டும் இல்லை நான் இருக்கிறேன் என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் பழைய சாமான் கடையில் 4,500 ரூபாய்க்கு ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கி மாடிப்படிக்குக் கீழே போட்ட பிறகுதான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆக, முதல் போடு மட்டும் 34,000. பாம்பு இனாமாக வந்ததற்கே இவ்வளவு.

ஹீட்டரும் அந்தப் பழைய ஃபிரிட்ஜும் சேர்ந்து மாதம் 45 யூனிட் இழுக்கின்றன. கர்நாடகத்தில்தான் அரசின் கிருஹ ஜோதித் திட்டத்தில் 200 யூனிட் இலவசமாயிற்றே என்பீர்கள். அது பழைய சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்த அளவுக்குத்தான் இலவசம். எங்கள் வீட்டுச் சராசரி எடுத்த வருடத்தில் சுப்பிரமணி இருந்தது கடைசி ஒன்றிரண்டு மாதம்தான். ஆகவே அவன் இழுப்பது கிட்டத்தட்ட முழுக்க எங்கள் கையிலிருந்துதான், யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தால் வருடம் 3,200 சொச்சம். ஒரு மே மாதம் 203 யூனிட் ஓடி, இருநூறைத் தாண்டியதால் முழு பில்லும் தலையில் விழுந்தது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஃபேன் பேரிலும் பழி இருக்கிறது.

வைத்தியம் இரண்டாவது குளிர்காலத்தில் வந்தது. வாயோரம் நுரை, மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். தெர்மோஸ்டாட்டின் ஒயர் நகர்ந்து கூண்டு நான்கு நாள் குளிர்ந்து கிடந்திருக்கிறது, நாங்கள் கவனிக்கவில்லை. நாய், மாடு பார்க்கிற டாக்டர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், பாம்பு பார்க்கிறவரைத் தேடி ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டியதாயிற்று. தலையணை உறையில் போட்டு முடிச்சுப் போட்டு, அதைக் கட்டைப் பையில் வைத்து, ஆட்டோவில் ஒன்றரை மணி நேரம். ஹெப்பால் மேம்பாலத்தில் நிற்கும்போது பை அசைந்ததை டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். கோழியா என்று கன்னடத்தில் கேட்டார். என் மகன் பொய் சொல்லத் தெரியாதவன், ஹாவு, அதாவது பாம்பு என்றான். அந்த மனிதர் ஆட்டோவை ஓரம் கட்டி, இறங்கி, பையைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மீதி வழிக்கு மீட்டருக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை. அது ஒன்றுதான் இந்தப் பாம்பால் வந்த லாபம். ஊசி, எக்ஸ்ரே, மூன்று தடவை போய் வந்தது எல்லாம் சேர்த்து 8,400.

இப்போது கூட்டுங்கள். எலி 9,300, கரன்ட் 9,600, மட்டைத் துகள் 2,700, வைத்தியம் 8,400. ஆக 30,000. முதல் போட்ட 34,000-ஐச் சேர்த்தால் 64,000. மூன்று வருடத்துக்கு வகுத்தால் மாதம் 1,778. உங்கள் முந்நூறு எங்கே, இது எங்கே?

நாயோடு ஒப்பிட்டால் அப்போதும் பாம்புதான் மலிவு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனர் வீட்டு லாப்ரடாருக்குத் தீனி மட்டும் மாதம் 4,500. தடுப்பூசி, டாக்டர் என்று வருடம் 9,000. பொங்கலுக்கும் கல்யாணம் காட்சிக்கும் சேலம் போகும்போது விட்டுவிட்டுப் போகிற இடத்தில் நாள் 700 ரூபாய், வருடத்துக்குப் பன்னிரண்டு நாளாவது. மாதக் கணக்கில் 5,950 வருகிறது. நாங்கள் சேலம் போனால் சுப்பிரமணிக்குத் தண்ணீர் மாற்றி வைத்து, தெர்மோஸ்டாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்தால் போதும். லவ் பேர்ட்ஸ் இதைவிட மலிவு, தினையும் கூண்டும்தான். ஆடு இவை எல்லாவற்றையும்விட மேல், தான் தின்றதைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

என் சண்டை முந்நூறு என்கிற அந்த எண்ணோடுதான். ஏன் என்றால், அதை நம்பி வாங்குகிறவன் எலி மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு ஹீட்டரை விட்டுவிடுவான், டாக்டரை விட்டுவிடுவான், அப்படி விட்டது யாருக்கும் தெரியவே தெரியாது. நாய்க்கு ஒரு வேளை தீனி தவறினால் தெருவையே கூட்டிவிடும். பூனை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பாம்பு கத்தாது, வாலாட்டாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. நன்றாக இருக்கிற பால் பைத்தானே குளிர்காலத்தில் மாதக் கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும். எங்களுடையது ஒரு தடவை நான்கு மாதம் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மகன் வாரா வாரம் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தான் (அந்தத் தராசுக்கும் பிறகு வேறு வாங்க வேண்டி வந்தது, காரணம் கேட்காதீர்கள்). சும்மா விரதம் இருக்கிற பாம்பும் குளிரில் செத்துக்கொண்டிருக்கிற பாம்பும் தெரியாதவன் கண்ணுக்கு ஒன்றுதான். அவன் நோட்டில் அந்த மாதம் செலவு மிச்சம் என்று இருக்கும்.

வருடக் கணக்கையும் நீங்கள் போடவில்லை. லாப்ரடார் பத்துப் பன்னிரண்டு வருடம். பால் பைத்தான் இருபது, முப்பது வருடம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் ஒன்று 1961-ல் வந்தது, 2020-ல், அறுபது வயதுக்கு மேல், பல வருடமாக ஆண் துணையே இல்லாமல் ஏழு முட்டை போட்டது. சுப்பிரமணி எனக்குக் கொள்ளி போடும் வயது வரைக்கும் இருப்பான். மகன் கல்யாணம் பண்ணுவான், வீடு மாறுவான், வருகிற பெண்ணுக்கு இதைச் சொல்லி எந்த வீட்டில் பெண் கேட்பது என்பது என் மனைவியின் தனிக் கவலை.

கடைசியாகக் காகிதம். உங்கள் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, இதுதான் எனக்குக் கோபம். நம் ஊர்ப் பாம்பு எதையும், சாரையோ மண்ணுளியோ மலைப்பாம்போ, வீட்டில் வளர்க்கச் சட்டத்தில் இடம் இல்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, மாட்டினால் குறைந்தது மூன்று வருடம், ஏழு வரை போகும். (பச்சைக்கிளியும் வளர்க்கக் கூடாது, எங்கள் தெருவில் நான்கு வீட்டில் இருக்கிறது, அது வேறு கதை.) பால் பைத்தான் மாதிரி, வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வைத்திருந்தால், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், கை மாறினால், குட்டி போட்டால், செத்தால் தெரிவிக்க வேண்டும். சுப்பிரமணியின் பழைய சொந்தக்காரன் 2020-ல் அரசு தானாக அறிவிக்கச் சொன்னபோதே அறிவித்து வைத்திருந்தான், அதனால் பிழைத்தோம். காகிதம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் நம் கெம்பேகவுடா விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த ஒருவர் பெட்டியில் பத்து மஞ்சள் அனகோண்டா இருந்ததே, உங்கள் வாசகர்களும் படித்திருப்பார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போட்டால் கூண்டு, கரன்ட், டாக்டர், பதிவு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு வெளியிடுங்கள். வேண்டுமானால் என் நோட்டைத் தருகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது. போன வாரம் எங்கள் பெரிய ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது, மெக்கானிக் பாகம் வர நான்கு நாள் ஆகும் என்றார். முதல் நாள் மாவு புளித்துப் பொங்கியது. இரண்டாம் நாள் என் மனைவி மாடிப்படிக்குக் கீழே போய், எலி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டை மூன்று தடவை கழுவித் துடைத்து, மாவுப் பாத்திரத்தை மூடி அதன் மேல் இன்னொரு மூடி போட்டு உள்ளே வைத்தார். பெரிய ஃபிரிட்ஜ் சரியாகி வந்த பிறகும் அதை எடுக்கவில்லை, அங்கே சில்லென்று நன்றாக இருக்கிறதாம். 4,500 ரூபாயில் எவ்வளவைப் பாம்புக் கணக்கிலிருந்து இட்லிக் கணக்குக்கு மாற்றுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாற்பது வருட வாசகன்,
லிங்கராஜபுரம், பெங்களூரு