முரளிக்கு, உன் கதவுகளைப் பற்றி

திருச்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை, அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். வேலை அதிகம் என்று சொன்னால் நம்ப மாட்டாய். ஆனால் மூன்று வாரமாக நான் பார்க்கிற வேலையே நீ விட்டுப் போன வேலைதான். அதனால்தான் போனில் இரண்டு வார்த்தை பேசி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் படிக்கிறார். சின்னவள் ப்ளஸ் டூ வந்துவிட்டாள். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? மஸ்கட் வெயிலைப் பற்றி எழுதாதே, இங்கேயும் அதே வெயில்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டடம் வரைய நாம் வைத்திருக்கிற ரெவிட் சாஃப்ட்வேரில், ஆபீஸ் கடைசியில் 2019 வெர்ஷனை விட்டுவிட்டது. 2025-க்குப் போகிறோம். ஸ்ட்ரக்சுரல் பார்க்கிறவர்கள் 2025-க்கு மாறிவிட்டார்கள். அவர்கள் அனுப்புகிற மாடலை நம் வெர்ஷனில் திறக்க முடியாது, பழைய வெர்ஷனுக்கு இறக்கிச் சேமித்துத் தரவும் அவர்களுக்கு வழி இல்லை. ஆறு மாதம் பிடிஎஃப்-ஐப் பார்த்துப் பார்த்து பீம் வரைந்தோம். போதும் என்று ஆகிவிட்டது. சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மாத்திக்கோ. ஆனா கோடு மாறக் கூடாது” என்றார். அவர் குரலிலேயே படித்துக்கொள்.

அந்த ஒரு வார்த்தைதான் இந்த மூன்று வாரத்தையும் தின்றுவிட்டது.

புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். கெட்டிக்காரன், வேகம் உன்னைப் போல, பொறுமையும் உன்னைப் போலத்தான். முதல் நாளே கேட்டான்: “எதுக்கு சார் பழசையெல்லாம் இழுத்துட்டு வரணும்? சாஃப்ட்வேரோட வர்ற டெம்ப்ளேட்ல புதுசா ஆரம்பிச்சிடலாமே?” நியாயமான கேள்வி. 2011-இல் ஆரம்பித்த டெம்ப்ளேட்டில், ஒவ்வொரு புது வேலையையும் தொடங்குகிற அந்த ஆரம்ப ஃபைலில், குப்பை இல்லாமலா இருக்கும்? யாருக்கும் வேண்டாத 40 வியூ டெம்ப்ளேட், ஏதோ ஓர் ஆட்டோகேட் ஃபைலோடு வந்து ஒட்டிக்கொண்ட லைன் பேட்டர்ன்கள், கல்யாண மண்டப வேலைக்காக மட்டும் செய்த தூண் வகைகள். இதையெல்லாம் தூக்கி எறிய எனக்கும் ஆசைதான்.

ஆனால் அவனுக்குக் கோட்டுக் கதை தெரியாது. லைன் வெயிட் 16 எண்ணுக்கும் தடிமன் முடிவு செய்ய ஏ1 தாளில் அடித்து அடித்துச் சுவரில் ஒட்டினோமே. சார் நான்கடி தள்ளி நின்று பார்ப்பார், தலையை ஆட்டுவார், கிழிப்போம். கடைசியில் ஸ்ரீரங்கம் சைட்டிலிருந்து கொத்தனாரையே கூட்டி வந்து, எது சுவர், எது பூச்சு, எது மேலே இருக்கிற சன்ஷேட் என்று கேட்டார். அவர் விரலை வைத்துத் தப்பில்லாமல் காட்டிய பிறகுதான் அந்த எண்கள் உறுதியாயின. அன்றைக்கு எனக்கு அலுப்பாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால், ஆபீஸில் நான் பார்த்த நல்ல வேலைகளில் அது ஒன்று.

முதல் அடி எங்கே விழுந்தது தெரியுமா? பையன் ஒரு சனிக்கிழமை தனியாக வந்து, சர்வரில் இருந்த ஃபேமிலிகளை, அதாவது ப்ளானில் எடுத்து வைக்கிற பொருள்களின் ஃபைல்களை, ஒவ்வொன்றாக 2025-இல் திறந்து, அதே இடத்தில் அதே பெயரில் சேமித்துவிட்டான். கதவு, ஜன்னல், சமையல் மேடை எல்லாமாக 200-க்கு மேல். வேலையை முடித்த சந்தோஷத்தில் எனக்குச் செய்தி வேறு அனுப்பினான். திங்கட்கிழமை காலை, இன்னும் 2019-இல் ஓடிக்கொண்டிருக்கிற கரூர் வேலைக்கு ஒரு கதவை ஏற்றப் போனால், புது வெர்ஷனில் சேமித்தது, திறக்காது என்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நல்லவேளை, ரெவிட் சேமிக்கும்போது பழைய ஃபைலின் வாலில் 0001 என்று எண் போட்டுப் பக்கத்திலேயே வைத்துவிடும் இல்லையா? ஆபீஸில் எல்லோரும் இடத்தை அடைக்கிறது என்று திட்டித் தீர்த்து வாரா வாரம் அழிக்கிற அந்த ஃபைல்கள்தான் காப்பாற்றின. அந்த வாரம் யாரும் அழித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் தனி ஃபோல்டரில் எடுத்து, எண்ணை நீக்கி, 2019 என்று பெயர் போட்டுப் பூட்டி வைத்தேன். ஓடுகிற வேலை எந்த வெர்ஷனில் ஆரம்பித்ததோ அதிலேயே முடியட்டும், புது வேலை மட்டும் 2025-இல் என்று முடிவு செய்தோம். பையனை நான் திட்டவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, சுவர். ஃபேமிலிகள் தனி ஃபைல், தூக்கிக்கொண்டு போகலாம். சுவர் வகை, தரை வகையெல்லாம் ப்ராஜெக்டுக்குள்ளேயே இருப்பவை. இரண்டு ஃபைலையும் ஒன்றாகத் திறந்து வைத்து, ட்ரான்ஸ்ஃபர் ப்ராஜெக்ட் ஸ்டாண்டர்ட்ஸ் வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். அப்போது ஒரே பெயரில் இரண்டு பக்கமும் வகை இருந்தால், மேலெழுதவா, புதியதை மட்டும் சேர்க்கவா என்று கேட்கும். பையன் ஆசையாகத் தன் பங்குக்கு ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தான். அதிலும் ‘பிரிக் 230’ இருந்தது. நம்முடையதில் 230 என்றால் செங்கல் மட்டும். உள்பூச்சு 12, வெளிப்பூச்சு 18, ஆக மொத்தம் 260. அவனுடையதில் பூச்சையும் சேர்த்தே 230. சோதனைக்காகத் திறந்த ஒரு வீட்டு ப்ளானில் இதை ஏற்றி மேலெழுது என்று கொடுத்துவிட்டான். ஒரு எச்சரிக்கையும் வரவில்லை, எல்லாச் சுவரும் மெலிந்தன. மையக்கோட்டில் நிற்கிற சுவர் என்பதால் இரண்டு பக்கமும் 15 மி.மீ. உள்வாங்கி, 3000 இருந்த படுக்கையறை 3030 என்று நிற்கிறது. அந்த 30 என் கண்ணில் பட்டதால் தப்பித்தோம், சேமிக்காமல் மூடினோம். நேராக சைட்டுக்குப் போயிருந்தால் வார்ட்ரோப் செய்கிற ஆசாரி நம்மைத்தான் கேட்டிருப்பார். இப்போது ஆபீஸில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: புதியதை மட்டும் சேர், பெயர் மோதினால் முதலில் இரண்டையும் திறந்து பார்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கதவின் பூட்டு வகை போன்ற விவரங்களுக்குப் பெயரும் அடையாளமும் வைத்திருக்கிற நம் ஷேர்டு பாராமீட்டர் டெக்ஸ்ட் ஃபைல் காணவில்லை. நீ போன அடுத்த வருடம் பழைய சர்வரின் டிஸ்க் போனபோது அதுவும் போயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் இருக்கிற கதவுகள் அது இல்லாமலும் ஓடும். நடுவில் யாரோ அதே பெயர்களைத் திரும்பத் தட்டச்சு செய்து ஒரு புது ஃபைல் உண்டாக்கியிருக்கிறார்கள். பெயர் ஒன்றுதான், ஆனால் ரெவிட் பெயரைப் பார்ப்பதில்லையே. உள்ளே இருக்கிற 32 இலக்க அடையாளத்தைத்தான் பார்க்கிறது. ஒரு தெருவில் இரண்டு முருகேசன் இருந்தாலும் ரேஷன் கார்டு எண் வேறுதானே, அதுபோல. விளைவு, கதவு ஷெட்யூலில், அதாவது கதவுப் பட்டியலில், நீ செய்து வைத்த கதவுகளுக்கெல்லாம் பூட்டு வகை வருகிறது, அப்புறம் செய்த கதவுகளுக்கு அந்தக் கட்டம் காலி. இரண்டு வருடமாக யாரோ அந்தக் காலிக் கட்டங்களைக் கையால் நிரப்பிப் பிடிஎஃப் எடுத்திருக்கிறார்கள்! எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது.

வழி உன் கதவுக்குள்ளேயே இருந்தது. ஃபேமிலியைத் திறந்து, பாராமீட்டரின் உள்ளே போனால் எக்ஸ்போர்ட் என்று ஒரு பட்டன். வெற்று டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றை உண்டாக்கி அதற்கு அனுப்பினால், பழைய அடையாளத்தோடேயே போய் உட்காருகிறது. புதன்கிழமை இரவு பதினோரு மணிக்கு முதலாவதை எடுத்தேன். அடையாளம் எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்தது. பக்கத்தில் இருந்த பையன் கைதட்டிவிட்டான். மறுநாளிலிருந்து இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். பிறகு செய்த கதவுகளைத் திறந்து, போலியை நீக்கி, அசலைப் போட்டோம். ஃபைல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது.

அப்போதுதான் அந்த ‘எம்கே’வைப் பார்த்தேன். உன் ஜன்னலில் ஆமா-இல்லை என்று ஒரு பாராமீட்டர், பெயர் வெறும் எம்கே. ஃபார்முலாவில், எம்கே டிக் இருந்தால் சன்ஷேட் நீட்டம் 750, இல்லையென்றால் 450. “யாரோட இனிஷியல் சார்? எடுத்துடலாமா?” என்றான். எனக்கும் சட்டென்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டு உட்கார்ந்த பிறகுதான், மேற்கு! என்று கத்திவிட்டேன். அம்மா பயந்துவிட்டார். உறையூர் வாத்தியார் வீட்டில் சாயங்கால வெயில் நேராகக் கட்டிலில் விழுகிறது என்று அவர் நம்மைக் கூப்பிட்டுக் காட்டினாரே, அதற்கப்புறம் நீ செய்தது. அன்று முதல் நம் ஆபீஸ் வரைந்த எந்த வீட்டிலும் மேற்கு ஜன்னலுக்கு அரைகுறை நிழல் இல்லை. பையனிடம் மறுநாள் சொன்னேன். அவன் அந்தப் பெயரை மாற்றலாமா என்று கேட்டான். பெயரை விட்டுவிடு, விளக்கத்தில் எழுது என்றேன். இப்போது டூல்டிப்பில் மேற்கு வெயில் என்று இருக்கிறது. புது டெம்ப்ளேட் வேண்டும் என்றவனே இப்போது ஒவ்வொரு ஃபார்முலாவையும் திறந்து, இது ஏன், அது ஏன் என்று கேட்கிறான்.

பாதிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை முரளி. சாரிடம் கேட்கலாம், ஆனால் நேரம் குறைவு. உனக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தை மாதத்தோடு ஆபீஸ் வருவதை நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கை நடுங்குகிறது, பென்சில் பிடித்து ஸ்கெட்ச் போடுவதை ஏற்கெனவே விட்டுவிட்டார். போன வெள்ளிக்கிழமை 2025-இல் எடுத்த முதல் தாளைக் கொண்டுபோய் அதே சுவரில் ஒட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்தபடி நான்கடி தள்ளி நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். பழைய தாளையும் பக்கத்தில் ஒட்டச் சொன்னார். எது புதுசு என்று என்னையே கேட்டார். நான் சொல்லவில்லை, வெளியே வந்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது, பையன் முன்னால் நிற்க முடியவில்லை.

ஒரு தடவை வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போ. டிசம்பரில் லீவு கிடைக்கும் என்றாயே.

இனி உன்னால் ஆக வேண்டியது இரண்டு. ஒன்று, கதவுக்கு எண் போட நீ எழுதிய ஆட்-இன், அந்தத் துணை ப்ரோக்ராம், 2025-இல் ஓடவில்லை. ரெவிட் இந்த வெர்ஷனிலிருந்து டாட் நெட் 8 என்கிற அடித்தளத்துக்கு மாறிவிட்டதால் அதைத் திரும்பக் கட்ட வேண்டும். இங்கே இருப்பது கட்டி முடித்த டிஎல்எல் ஃபைல் மட்டும். நீ எழுதிய மூல ப்ரோக்ராம் உன் பழைய லேப்டாப்பில் இருக்கும், தேடு. அந்த நீல ஸ்டிக்கர் ஒட்டினது. தூக்கிப் போட்டிருந்தால் என்னிடம் சொல்லாதே, நேராக உட்கார்ந்து புதிதாக எழுது.

இரண்டு, பாத்ரூம் கதவு. அடியில் 35 மி.மீ. தூக்கி வைத்திருக்கிறாய். பாத்ரூம் தரை இறக்கத்துக்கு என்றால் தரை வகையில் அது ஏற்கெனவே இருக்கிறது. கிரானைட் படிக்கு என்றால் 20 போதும். மிச்சம் 15 எதற்கு? சாருக்கு நினைவில்லை. எனக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை டெம்ப்ளேட்டைப் பூட்டுகிறோம், அதற்குள் எழுது.

உன்
பாலு