விபூதிப் புதனுக்கு முன்

அன்பு மகளுக்கு,

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது. கைக்குழந்தையையும் பள்ளிக்கூடம் போகிற பெடியனையும் வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, தவக்காலத்தை எப்படி அனுசரிப்பது என்று கேட்டாய். போனில் இதை ஆறுதலாகச் சொல்ல ஏலாது, அதுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வை. உன் தவம் வீட்டாருக்குத் தண்டனையாகக் கூடாது. விபூதிப் புதன் பூசையில் வாசிக்கிற மத்தேயு 6ஆம் அதிகாரத்தைப் பார். நோன்பிருக்கிறவர் முகத்தைத் தொங்கப்போடாமல், முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இருக்கவேண்டும் என்கிறார் ஆண்டவர். காலையிலிருந்து பட்டினி கிடந்துவிட்டுப் பின்னேரம் பிள்ளையில் எரிந்து விழுந்தால், அந்தப் பட்டினியால் ஆருக்கு என்ன பலன்?

திருச்சபையின் சட்டம் அவ்வளவு கடினமில்லை. ஒருசந்தி என்கிற நோன்பு இரண்டே நாள்தான், விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது முடிந்தவர்களில் இருந்து 59 வயது முடிகிற வரைக்கும் அது கட்டாயம். ஒரு நேரம் வயிறாரச் சாப்பிடலாம். மற்ற இரண்டு நேரமும் கொஞ்சமாகச் சாப்பிடலாம், இரண்டையும் சேர்த்தாலும் அந்தப் பெரிய சாப்பாட்டின் அளவுக்கு வரக்கூடாது. இறைச்சி விலக்கும் சுத்தபோசனம் 14 வயது முடிந்தவர்களுக்கு. கோழியும் இறைச்சிதான், மீனும் முட்டையும் பாலும் அதில் சேராது. அங்கே இங்கிலாந்தில் ஆயர்கள் 2011இல் வருடத்தின் எல்லா வெள்ளிக்கும் இறைச்சி விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதையும் மறக்காதே. பால் கொடுக்கிற உனக்கு ஒருசந்தி கட்டாயமில்லை. வீம்புக்குப் பிடிக்காதே, பால் குறைந்தால் அழுவது குழந்தை. மருமகன் பிடிக்கட்டும், குளிசை எடுப்பதாக இருந்தால் அதை நிறுத்தத் தேவையில்லை.

மீன் விசயத்தில் திருகோணமலைக்காரராகிய நாங்கள் நல்லாய் ஏமாற்றுவோம். இறைச்சியை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை பாரைப் பொரியலும் இறால் குழம்பும் வைத்தால் சட்டம் மீறப்படவில்லை, ஆனால் அது விருந்து. பிட்டும் சம்பலும், இல்லாவிட்டால் சோறும் பருப்பும் ஒரு கீரையும் போதும். மிச்சமாகிற காசை அன்றைக்கே ஒரு தகரப் பேணியில் போடு. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துப் போடலாம் என்று விட்டால் அந்தக் காசு வேறு வழியில் போய்விடும். பெடியனே தன் கையால் போடட்டும். பெரிய வியாழன் பூசையில் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவனியாகக் கொண்டுவர வழிபாட்டிலேயே இடம் இருக்கிறது, பேணியை அன்றைக்குக் கொண்டுபோ. ஊருக்கு அனுப்ப விருப்பமென்றால், மாரியில் வாடைக் காற்றுக்குக் கடலுக்குப் போகமுடியாமல் கடன்பட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பேர் சொல்லாமல் சேர்ப்பித்துவிடுவேன்.

செபத்துக்கு வருகிறேன். ஆண்டவரின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கிற சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் ஒரே இருப்பில் செய்ய ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொறுமை வராது. ஐந்தாம் நிலையில் காலை ஆட்டுவான், எட்டாம் நிலையில் நீ அதட்டுவாய், பிறகு சிலுவைப்பாதை என்றாலே அவனுக்கு அதட்டல்தான் ஞாபகம் வரும். விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளியில் தொடங்கி எண்ணிப் பார், பெரிய வெள்ளியோடு ஏழு வெள்ளி வரும். வெள்ளிக்கு இரண்டு நிலையாகச் செய்தால் கணக்குச் சரி, பெரிய வெள்ளிக்கு இறக்குவதும் அடக்கம் செய்வதும் மிஞ்சும். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதே. சிலுவையை அவன் கையில் கொடு. நிலையின் விளக்கத்தை இங்கிலீசில் வாசித்தாலும் பரவாயில்லை, ஆனால் 'எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி' என்பதைத் தமிழில்தான் சொல்லப் பழக்கு, ராகத்தோடு சொன்னால் இரண்டாம் வெள்ளியே பாடமாகிவிடும். மெழுகுதிரியை மட்டும் சின்னவளுக்கு எட்டாத உயரத்தில் வை.

எங்கள் பங்கில் சிலுவைப்பாதை பின்னேரம் ஐந்தரைக்கு. அங்கே அப்போது நடுப்பகல் பன்னிரண்டு. வேலையிடத்தில் சாப்பாட்டுக்கு எழும்பும்போது ஒரு பரலோக மந்திரம் சொல்லு, அதுவே எங்களோடு சேர்வதுதான். மார்ச் கடைசி ஞாயிறு நீங்கள் மணிக்கூட்டை முன்னுக்கு வைத்தபிறகு அது உனக்கு ஒரு மணியாகும்.

இனி உனக்கு மட்டும். இரவு படுக்க முன் ஆத்தும சோதனை செய்யும்போது 'இன்று கோபப்பட்டேன்' என்று மட்டும் சொல்லி விடாதே. எத்தனை மணிக்கு, எதற்கு என்று பார். ஒரு கிழமை பார்த்தால், கோபம் எந்நேரமும் வருவதில்லை என்று உனக்கே விளங்கும். அநேகமாகக் காலையில் பள்ளிக்கூட அவசரத்திலும் பின்னேரம் ஆறு மணிப் பசியிலும்தான் வரும். அப்படியென்றால் சட்டையை முதல் நாள் இரவே ஸ்திரி போட்டு வைப்பதும், வேலையால் வந்த உடனே ஒரு வாழைப்பழம் சாப்பிடுவதும் உன் தவக்கால முயற்சிக்குள் அடங்கும். பாவத்துக்கு வழிவிடுகிற சந்தர்ப்பத்தை விலக்கச் சொல்லி மறைக்கல்வியில் படித்தோமே, அது இதுதான்.

போனை அடியோடு விடப்போகிறேன் என்றாய். எனக்கு நம்பிக்கையில்லை. பள்ளிக்கூடச் செய்தியும் வேலைச் செய்தியும் அதில்தானே வருகின்றன, இரண்டாம் கிழமையே எடுப்பாய், எடுத்த கையோடு முழுவதையும் கைவிடுவாய். இரவு எட்டு மணிக்குக் குசினித் தட்டில் வை, காலைச் செபம் முடிந்தபிறகு எடு. ஞாயிறுகள் தவக்காலத்தின் 40 நாள் கணக்கில் சேராது, அதனால் ஞாயிறு தளர்த்துவதா என்பதை இப்போதே தீர்மானித்துக்கொள். இடையில் தீர்மானித்தால் சனியும் ஞாயிறாகிவிடும்.

பெடியனுக்கு நீ ஒன்றையும் விதிக்காதே, தானே ஒன்றைத் தெரிந்தெடுக்கட்டும். சொக்கிலேட் விடுகிறேன் என்று சொல்லி நாலாம் நாள் தின்றால் கணக்குக் கேட்காமல் அடுத்த நாளிலிருந்து தொடரச் சொல்லு.

சுவாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தைப் பரிசுத்த வாரத்துக்குத் தள்ளாதே, வரிசை நீளும், குழந்தையோடு நிற்க ஏலாது. நாலாம் ஞாயிற்றுக்குள் முடித்துவிடு. மருமகன் பிள்ளைகளை வைத்திருக்க நீ போ, பிறகு அவர் போகட்டும்.

சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகின போன வருடக் குருத்தோலை இருந்தால் குப்பையில் போடாமல் இந்த ஞாயிறே கோவிலில் கொடு. அதை எரித்துத்தான் விபூதி எடுப்பார்கள், புதன் காலையில் கொண்டுபோனால் பிந்திவிடும்.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை