சைக்கிள் ஓட்டுங்கன்னு சொல்ற வேலைய விட்டுட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரி டவுன்ல ஜனங்கள சைக்கிள் ஓட்ட வெக்கறதுதான் நாலு வருஷமா என் வேலை, போன மாசம் விட்டுட்டேன். ஏன் விட்டேன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதான் உங்க பேப்பருக்கே எழுதறேன்.

வேலை எனக்கு உயிரு சார். 1990கள் ஆரம்பத்துல புதுக்கோட்டையில கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்தப்போ எழுதப் படிக்க சொல்லிக்குடுத்த அறிவொளி இயக்கத்துல கிராமத்து பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க, அதெல்லாம் எங்கம்மா சொல்லி கேட்டு வளந்தவ நான். நம்ம ஊர்லயும் நாப்பது வயசு அக்காங்க கிரவுண்டுக்கு வந்து சீட்ட புடிச்சிக்கிட்டே ஓடச் சொல்லுவாங்க, நான் கைய எடுத்தது தெரியாமயே பத்தடி போயிட்டு திரும்பி பாப்பாங்க, அந்த முகத்துக்காகவே எத்தன வருஷம் வேணும்னாலும் வேலை செய்வேன்.

ஆனா கிரவுண்ட விட்டு வெளிய வந்தா ரோடு வேணுமே. சென்னை ரோடு, பெங்களூர் ரோடு, சேலம் ரோடு, திருவண்ணாமலை ரோடுன்னு எல்லாம் வந்து சேர்ற ஊரு இது, சர்வீஸ் ரோடு முழுக்க லாரி நிக்குது, சைக்கிள்ல வர்ற புள்ள அத சுத்திக்கிட்டு மெயின் ரோட்டுக்குதான் போயாகணும். ஒரு ஸ்கூல்ல பேசி முடிச்சதும் ஒரு அம்மா வந்து, “கவர்மெண்ட்ல குடுத்த சைக்கிள் வீட்லதான்மா நிக்குது, ஹைவேய தாண்டி எப்படிம்மா அனுப்பறது, நீ தைரியம் சொல்லு அனுப்பறேன்”னாங்க. என்னால சொல்ல முடியல. அன்னிக்கி ராத்திரி தூக்கமே வரல.

ஆபீஸ்ல இத பல தடவ எழுதி குடுத்தேன். ஜூன் 3 உலக சைக்கிள் தினத்துக்கு பேரணி, டிஷர்ட், போட்டோ, எத்தன பேர் வந்தாங்கங்கற கணக்கு, இது போதும்னு சொல்லிட்டாங்க. பேரணி அன்னிக்கி போலீஸ் வண்டிங்கள நிறுத்தி வழி விடறாங்க, மறுநாள் அதே ரோட்ல அதே புள்ள தனியா போகுது. பாதுகாப்பில்லாத ரோட்டுக்கு புள்ளைங்கள வாங்க வாங்கன்னு கூப்பிடறதுக்கு சம்பளம் வாங்க மனசு வரல சார், அதான் விட்டேன்.

பெரிய பாலம் ஒண்ணும் கேக்கல. ஸ்கூல் போற வர்ற நேரத்துல சர்வீஸ் ரோட்ல லாரி நிக்கக்கூடாது, ஹைவேக்கு அடியில போற வழியில லைட் எரியணும், மழைத்தண்ணி தேங்கக்கூடாது, பஸ் ஸ்டாண்ட்ல பூட்டிட்டு போற மாதிரி ஒரு சைக்கிள் ஸ்டாண்ட். ஸ்கூல் தொறக்கற ஜூன் மாசம்தான் மாங்கா லோடு வண்டிங்களும் ஓடற மாசம், அதுக்குள்ளயாவது லாரிங்கள எடுக்க வெக்கணும்.

எந்த எடத்துல என்ன பிரச்சனைன்னு நாலு வருஷமா ஒரு நோட்டுல குறிச்சி வெச்சிருக்கேன். ஹைவே ஆபீஸ்ல இருந்தோ கலெக்டர் ஆபீஸ்ல இருந்தோ யாராச்சும் வந்தா நானே சைக்கிள்ல கூட வந்து ஒவ்வொரு எடமா காட்டறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகி, கிருஷ்ணகிரி