ஆண்டறிக்கை: கோலாலம்பூர், செந்தூல் காற்பந்துக் கழகம் பிறந்தது எப்போது?

தலைவர், செயலவையினர், மூத்த ஆட்டக்காரர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல இவ்வாண்டு ஒன்றுமில்லை. எழுவர் போட்டிகளுக்குப் போனோம், கிண்ணம் வரவில்லை. பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. எல்லாரும் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், ரயில் பட்டறை வேலை முடிந்ததும் திடலில் ஒரு விசில் அடித்தால் போதுமாம், இரண்டு குழுவுக்கு ஆள் வந்துவிடும். இன்று நம் பையன்கள் செலாயாங், ரவாங் என்று சிதறிக் கிடக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் 'வர்றேன்' என்று போட்டவர் பாதி வழியில் நெரிசலில் நிற்கிறார்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானப்படி கழக வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கினோம். கழகம் தொடங்கிய ஆண்டு எது என்பதிலேயே தகராறு. பதிவுச் சான்றிதழைப் பார்க்கலாமே என்றார்கள் இளைஞர்கள். சங்கங்கள் சட்டம் 1966-இல் வந்தது. விளையாட்டுக் கழகங்களை விளையாட்டு ஆணையரிடம் கொண்டுபோன சட்டம் 1997-இல். நம்மிடம் இரண்டு சான்றிதழும் உண்டு, இரண்டுக்கும் முன்பே ஆடியவர்களும் உண்டு.

மூத்தவர்களில் ஒரு தரப்பு 1957 என்கிறது. கோலாலம்பூரில் மெர்டேக்கா (சுதந்திர) அரங்கம் திறந்தபோது கழகக் குழுவாகப் போய், அங்கே நடந்த மெர்டேக்கா அனைத்துலகக் காற்பந்துப் போட்டியைப் பார்த்தார்களாம். சரி, கிண்ணத்தைத் தூக்கியது யார் என்று கேட்டோம். "வேற யாரு, நம்ம மலாயாதான்!" ஆனால் 1957-இல் வென்றது ஹாங்காங். அப்படியானால் மலாயா முதலில் வென்ற 1958 என்று முடித்துவிடலாம் என்றால், 1959-லும் மலாயாவே வென்றது, 1960-இல் தென் கொரியாவோடு பகிர்ந்துகொண்டது. எனவே தாளில் ஆதாரம் கிடைக்கும்வரை புதிய ஜெர்சியில் ஆண்டு போடுவதில்லை என்று செயலவை முடிவெடுத்தது. சிலருக்கு வருத்தம்தான்.

'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்துக்கு எதிராகக் கோல் போட்டதாகவும் சிலர் சொல்கிறார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்று, புறக்கணிப்பால் போகாமல் நின்ற மலேசிய அணியின் கோல்காவலர் அவர். 1988-இல் கார் விபத்தில் மறைந்துவிட்டார், அவரைக் கேட்க வழியில்லை. அந்தக் கோல்களைத் தொகுப்பில் சேர்க்கவில்லை.

கிடைத்ததிலேயே உருப்படியானது ஒரு பழைய கணக்குப் புத்தகம்தான். கிண்ணங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. லாரி வாடகை, ஐஸ் கட்டி, இடைவேளைக்கு ஆரஞ்சு, பந்து தைத்த கூலி, ஜெர்சி துவைக்கச் சவர்க்காரம். என்னைக் கேட்டால் இதுதான் கழகத்தின் வரலாறு. ஜெர்சியைத் துவைத்த அம்மாக்களில் சிலர் இன்னும் செந்தூலில்தான் இருக்கிறார்கள். அவர்களை இதுவரை யாரும் பேட்டி எடுக்கவில்லை. அடுத்த செயலவை முதலில் அதைச் செய்ய வேண்டும், புத்தகம் அச்சடிப்பது அப்புறம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். விளக்கு போட்ட திடலின் வாடகைதான் பெரிய செலவு என்பது எல்லாருக்கும் தெரியும். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கும் தெரியும்.

பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் பிரதி எடுத்து அன்றே திருப்பித் தருவோம். படத்தின் பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அதையும் காட்டுங்கள். கழக ஜெர்சி இன்னும் வீட்டில் வைத்திருப்பவர்கள் துவைத்துக் கொடுத்தால் நல்லது.

செயலாளர்