மேஷ் நாவலும் ஆர்க்காட்டு டாக்டரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ‘மேஷ்’ நாவலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். (ராசி இல்லை, கொரியப் போரில் அமெரிக்க ராணுவம் நடத்திய நடமாடும் அறுவைச் சிகிச்சை மருத்துவமனையின் சுருக்கப் பெயர்.) கட்டுரையாளர் அந்தக் கதையை வைத்து எடுத்த டி.வி. தொடரைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றி எழுதிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். ‘போரைக் கண்டிக்கும் நாவல்’ என்கிறார். 1968-இல் ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் அதை எழுதியவர், அப்படிப்பட்ட மருத்துவமனையிலேயே கத்தி பிடித்த சர்ஜன். தொடரில் ஏற்றிவிட்ட போர் எதிர்ப்புப் பிரசங்கம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. மூன்று வருஷப் போரைப் பதினோரு வருஷம் ஓட்டினார்கள், அது வேறு கதை.

நாவலில் இருப்பது தூக்கம் கெட்ட டாக்டர்களின் சேட்டை. கூடாரத்தில் எடுபிடி வேலை செய்யும் கொரியப் பையனை அமெரிக்காவில் படிக்கவைக்கப் பணம் வேண்டும். தாடி வளர்த்த டாக்டர் ஒருவரை ஏசுநாதர் மாதிரி படமெடுத்து, கையெழுத்தும் போட்டு, ஒரு டாலருக்கு ஒன்று என்று விற்கிறார்கள். சிரிக்கலாமா கூடாதா என்று நாம் யோசிப்பதற்குள் அடிபட்டவர்கள் வந்து குவிகிறார்கள். இரவு பகலாக அறுவை. உடம்பை முழுசாகச் சீராக்குவது அங்கே வேலையில்லை, அடுத்த சர்ஜனின் மேஜைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற கணக்கு. புத்தகத்தின் உயிரே அந்தப் பக்கங்கள்தான். கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை. நர்ஸ்களை நாவல் நடத்தும் விதம் கசக்கிறது என்று எழுதியிருந்தது மட்டும் சரி.

நான் ராணுவத்தில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளனாக இருந்தவன். பதினோராயிரம் அடி உயரத்தில், அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தே குளிர்காலம் கழிந்த சின்ன மருத்துவமனை. பனியில் பாதை அடைபடும் முன் மாவுக்கட்டுப் பொடி கேட்டு எழுதினோம். கடைசி லாரியில் வந்திறங்கியது நாற்பது கொசுவலை. அங்கே கொசு வேண்டுமென்றால் கீழேயிருந்து பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். எங்கள் மேஜர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், “வலை பெற்றுக்கொண்டேன், கொசு இன்னும் வந்து சேரவில்லை” என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் கால் முறிந்து வந்த ஜவானுக்குப் பெட்டிப் பலகையை வைத்துக் கட்டினோம். கட்டியது கொசுவலையைக் கிழித்துத்தான்.

அப்புறம் ஒன்று. கொரியாவுக்கு நம்மவர்களும் போனார்கள்: 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் (வண்டி இல்லை, ராணுவ மருத்துவப் பிரிவின் பெயர்). தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், ஆர்க்காட்டுக்காரர். 1950 டிசம்பரில் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் எல்லாம் பின்வாங்கியபோது இவர்களுக்குப் போதுமான வண்டி இல்லை. மருந்தையும் கருவிகளையும் போட்டுவிட்டு வர மனசும் இல்லை. கேட்பாரற்று நின்ற நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைப் பிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி பாய்லரை நிரப்பி, எஞ்சின் பழக்கமுள்ள நம் ஆட்களே ஓட்ட, சாமான்களோடு தெற்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த மார்ச்சில் அமெரிக்கப் படையோடு ரங்கராஜ் பாராசூட்டில் குதித்தார். மகாவீர் சக்ரா கொடுத்தார்கள்.

இந்த ரயிலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கள் ஊரிலிருந்து ஆர்க்காட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. போன மாதம் அங்கே நாலு பேரிடம் ரங்கராஜைக் கேட்டேன். மூன்று பேருக்குத் தெரியவில்லை. நாலாமவர், “பிரியாணிக் கடையா சார்?” என்றார்.

ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவ உதவியாளர்,
வேலூர்.